தட்டாத முடிச்சு

"முடிச்சு அவுரவே இல்ல, தாயி. நல்லாப் பாரு. அவுரவே இல்ல!"

கஸ்பார் பர்னாந்து ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினார்.

கிரிஜா கரையில் நின்றிருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் பிடி வைத்த வலை. வலையில் ஒன்றுமில்லை.

"அவுரலை," என்றாள்.

"பின்ன மீன் எப்படிப் போச்சு?"

அவள் வலையை உதறிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

*

போன மீன் சாதாரண மீன் அல்ல.

ஐப்பசி மழையில் மலை சரிந்தது. ட்ரவுட் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணையின் சுவர் இடிந்தது. தாய் மீன்கள் எல்லாம் ஆற்றோடு போய்விட்டன. இரண்டு ஆண் மீன்கள் மட்டும் தொட்டியின் மூலையில் ஒதுங்கிக் கிடந்தன.

சுவர் இடிந்தபோது மீனைக் காப்பாற்ற ஓடிய கிரிஜாவின் கையும் ஒடிந்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

மழை விட்ட பிறகு ஆற்றில் இறங்கித் தேடினார்கள். அருவிக்குக் கீழே, காட்டுப்பூவரசு மரம் சாய்ந்து கிடக்கும் ஆழமான கசத்தில், ஒரே ஒரு தாய் மீன். இரண்டு கிலோ இருக்கும். வயிறு நிறைய முட்டை.

வலை போட்டார்கள். அடியில் முழுக்கப் பாறையும் வேரும். வலைதான் கிழிந்தது.

பூச்சித் தூண்டில் ஒன்றுதான் வழி. எதிர்முள் இல்லாத கொக்கி. மீனுக்குக் காயம் படாது. ஆனால் அதை வீசுவதற்கு ஒரு நல்ல வலது கை வேண்டும்.

கிரிஜா இதை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து பெஞ்சில் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார்.

"ரெண்டு கிலோ மீனுக்கா இவ்வளவு பேச்சு?"

அவர்தான் கஸ்பார். தூத்துக்குடிக்காரர். வயது ஐம்பத்தேழு. நாற்பது வருஷம் கடலில் இருந்தவர். ஊட்டியில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்க வந்திருந்தார்.

"ஆளு உசரம் மயில் மீன் பிடிச்ச கை இது, தாயி. எங்க இருக்கு ஒன் மீனு? காட்டு."

"எப்ப வர முடியும், அண்ணாச்சி?"

"இப்பவே வாரேன்."

"இன்னும் மூணு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள பிடிக்கலைன்னா மீன் முட்டையை ஆத்துலயே விட்டுரும். மத்த மீன் வந்து தின்னுரும்."

"மூணு நாளு எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே கஸ்பார் எழுந்தார்.

*

வீசுவதை அவர் அரை மணியில் பிடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து எதையாவது தண்ணீரில் வீசிக்கொண்டே இருந்த கை.

தூண்டிலைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

முதலில் ஒரு தடித்த மஞ்சள் லைன். தூண்டிலைத் தூரத்துக்குக் கொண்டுபோவது அதன் கனம்தான். ஆனால் அது மீன் கண்ணில் பட்டுவிடும். அதனால் அதன் நுனியில் ஒன்பது அடிக்குக் கண்ணாடி போல ஒரு நரம்பு. கிரிஜா அதை லீடர் என்றாள். கஸ்பாரின் ஊரில் இந்த மாதிரி நரம்புக்குத் தங்கூசி என்று பெயர். அந்த நரம்பின் கடைசியில் இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சி.

மஞ்சள் லைனும் லீடரும் சேரும் இடத்தைக் கஸ்பார் விரலால் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு முடிச்சு இருந்தது. இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். அரிசி மணி அளவுகூட இல்லை.

"இதென்ன முடிச்சு? கொசு கட்டினாப்புல இருக்கு."

கிரிஜா தொட்டியில் தண்ணீர் மாற்றப் போயிருந்தாள். கஸ்பார் கத்தியை எடுத்தார். முடிச்சை வெட்டி எறிந்தார். தன் முடிச்சைப் போட்டார். இரண்டு சுற்று, அதன் மேல் ஒரு பூட்டு, பூட்டின் மேல் இன்னொரு பூட்டு. பல்லால் கடித்து இறுக்கினார்.

மூன்றாவது வீச்சில் மீன் பூச்சியை எடுத்தது.

கஸ்பார் கூவினார். கிரிஜா வலையோடு ஓடி வந்தாள். மீன் கசத்தைச் சுற்றியது, குதித்தது, களைத்தது. கரையோரம் வந்தது. அவள் வலையை நீட்டினாள். இன்னும் இரண்டு கை தூரம்.

தூண்டில் கம்பின் நுனியில் டக்கென்று ஒரு சத்தம்.

மீன் வாலைச் சொடுக்கித் திரும்பியது. லீடர் அறுந்தது.

முதல் நாள் அப்படிப் போனது.

*

மேட்டில் கிரிஜா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கஸ்பார் ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"ஒன் தங்கூசி சரியில்ல. முடிச்சப் பாரு. கல்லு மாதிரி நிக்கி."

அவள் முடிச்சைக் கையில் வாங்கினாள். பார்த்தாள்.

"நல்ல முடிச்சு," என்றாள்.

"பின்ன?"

அவள் புது லீடர் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதே மாதிரி இன்னொண்ணு போடுங்க."

கஸ்பார் போட்டார். இன்னும் ஒரு பூட்டு கூடவே போட்டார்.

கிரிஜா இடது கையில் கம்பைப் பிடித்துக்கொண்டாள். லீடரின் நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க மீன்," என்றாள்.

"என்னது?"

"நீங்கதான் மீன். விரல்ல ரெண்டு சுத்து சுத்திக்கோங்க. நான் இழுக்கும்போது வாங்க. வலைக்குப் பக்கத்துல வந்ததும் பயந்து ஓடுங்க."

"தாயி, எனக்கு ஐம்பத்தேழு வயசாவுது."

"அந்த மீனுக்கும் வயசுதான்."

கஸ்பார் சுற்றும்முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பெண்கள் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

புல்மேட்டில் இருபதடி தள்ளிப் போய் நின்றார். கிரிஜா கம்பை முழங்காலில் முட்டுக்கொடுத்து, ரீலைச் சுற்றினாள். கஸ்பார் கையை நீட்டியபடி வந்தார். பன்னிரண்டடி. பத்தடி. இழுப்பு ஒரே சீராக இருந்தது. நூல் அவரை மெதுவாகக் கூப்பிடுவது போல.

டக்.

கை திடுக்கிட்டது. கம்பு நுனியில் இருக்கும் சின்ன வளையத்துக்குள் முடிச்சு ஏறிச் சிக்கிக்கொண்டது.

"ஓடுங்க!" என்றாள் கிரிஜா.

கஸ்பார் ஓடினார்.

நூல் வரவில்லை. முடிச்சு வளையத்தில் நின்றது. விரலில் சுருக்கென்று ஒரு வெட்டு. பட்டென்று லீடர் அறுந்தது. கஸ்பார் புல்லில் குப்புற விழுந்தார்.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பிறகு விரலைப் பார்த்தார். பிறகு வளையத்தைப் பார்த்தார். முடிச்சு அங்கேயே இருந்தது. அவிழவே இல்லை.

"அட பாவி மனுஷா," என்றார். கிரிஜாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

*

"இன்னொருக்கா ஓடுதேன்," என்றார் கஸ்பார்.

கிரிஜா வேறொரு லைனைக் கம்பில் கோத்தாள். அதிலிருந்த முடிச்சு அவள் கை ஒடிவதற்கு முன்னால் கட்டியது.

கஸ்பார் மீனாக வந்தார். பத்தடி, எட்டடி, ஐந்தடி. ஓடினார். நூல் அவர் பின்னாலேயே ஓடி வந்தது. திரும்பினார், இழுபட்டு வந்தார், மறுபடி ஓடினார். வலப்பக்கம் ஓடினார். இடப்பக்கம் ஓடினார்.

"எங்க தாயி ஒன் முடிச்சு? வளையத்துக்கு உள்ளயா, வெளியவா?"

"இப்ப உள்ளே."

கஸ்பார் ஓடினார்.

"இப்ப?"

"வெளியே."

அவருக்கு மூச்சு வாங்கியது. உயரமான மலை. சிரிப்பும் வந்தது. தேயிலைக்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி கை தட்டினாள்.

கஸ்பார் அவர்களுக்கும் ஒரு சுற்று ஓடிக் காட்டினார்.

பிறகு கல்லின் மேல் வந்து உட்கார்ந்தார்.

"கத்துக் குடு," என்றார்.

*

கிரிஜா ஒரு கோணி ஊசியை எடுத்தாள்.

மஞ்சள் லைனின் நுனியோடு ஊசியைச் சேர்த்துப் பிடித்தாள். லீடரின் தடித்த முனையை இரண்டின் மேலும் நெருக்கமாக ஐந்து சுற்று சுற்றினாள். ஊசி இருந்த சந்து வழியாக லீடரின் முனையைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஊசியை உருவினாள். எச்சில் தொட்டாள். ஒரு பக்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபக்கத்தை மெதுவாக இழுத்தாள்.

மாவுக்கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூன்று விரல் நுனிகளாலேயே அதைச் செய்தாள்.

"இன்னொருக்கா," என்றார் கஸ்பார்.

"நீங்க போடுங்க."

அவர் விரல்கள் தடித்தவை. உப்பில் வெடித்தவை. சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கிரிஜா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கட்டியதை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு இழுத்தாள். நகவெட்டியால் வெட்டினாள்.

அடுத்தது. வெட்டினாள்.

அடுத்தது. வெட்டினாள்.

"வாயத் திறந்து என்ன தப்புன்னு சொல்லு தாயி!"

அவள் வெட்டிய முடிச்சை அவர் கையில் வைத்தாள். "கண்ணை மூடுங்க."

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். விரலில் முடிச்சு தட்டியது.

"ம்," என்றார்.

மறுநாள் மீன் பூச்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்குப் பயம் தெளியவில்லை. விடியும்போது ஆற்றோரப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. கஸ்பார் மகளின் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு கல்லில் உட்கார்ந்து கட்டிக்கொண்டே இருந்தார். அவர் காலடியில் வெட்டிப்போட்ட மஞ்சள் துண்டுகள் குவிந்தன.

மத்தியானம் ஒன்று சரியாக வந்தது. ஐந்து சுற்றும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

கிரிஜா கண்ணை மூடி இழுத்தாள். நகவெட்டியை எடுக்கவில்லை.

கஸ்பாருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபது வயதில் முதன்முதலாகத் தனியாக லாஞ்சு ஓட்டிக் கரை சேர்த்தபோது அடித்ததுபோல.

உடனே சந்தேகமும் வந்தது.

"இத்தினியூண்டு இருக்கே. பிடிக்குமா?"

"இழுத்துப் பாருங்க."

இழுத்தார். பிடித்தது.

"மெதுவா இழுக்கீங்க."

கையில் சுற்றிக்கொண்டு பலமாக இழுத்தார். சுற்றுகள் மஞ்சள் லைனின் தோலுக்குள் இறங்கின.

"இன்னும்."

காலைக் கல்லில் ஊன்றி இழுத்தார். அது இன்னும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

கஸ்பார் இழுப்பதை நிறுத்தினார். விரலால் அதைத் தடவினார்.

முடிச்சிலிருந்து லீடரின் முனை ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு விட்டிருக்கீங்க?" என்றாள் கிரிஜா.

"கிடக்கட்டும், தாயி."

"எதுக்கு?"

கஸ்பார் தலையைச் சொறிந்தார். "ஒரு பயத்துக்குத்தான். கொஞ்சம் நழுவுனாலும் மிச்சம் இருக்கட்டுமேன்னு."

கிரிஜா நகவெட்டியை நீட்டினாள்.

கஸ்பார் அதை வாங்கவில்லை. "கடல்ல எல்லாத்துலயும் மிச்சம் விடுவோம். நான் கட்டுன எதுவும் வாலு இல்லாம இருந்ததில்ல. எண்பத்தொம்பதுல ஒரு புயலு. எல்லாரு லாஞ்சும் அத்துக்கிட்டுப் போச்சு. என் லாஞ்சு நின்னுச்சு. ஏன் தெரியுமா? நான் கட்டுன முடிச்சு!"

"அந்த லாஞ்சு வளையத்துக்குள்ள போகணுமா, அண்ணாச்சி?"

கஸ்பார் முடிச்சை வெளிச்சத்தில் பிடித்து, நீட்டிய முனையைப் பார்த்தார்.

நகவெட்டியை வாங்கினார். ஒட்ட வெட்டினார்.

*

மூன்றாம் நாள் காலை மீன் வாலால் கூழாங்கல்லைத் துழாவிக் குழி பறிக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முட்டையை விட்டுரும்," என்றாள் கிரிஜா.

கஸ்பார் தண்ணீரில் இறங்கினார். குளிர் எலும்பில் ஏறியது. முதல் வீச்சு மரக்கிளையில் பட்டது. இரண்டாவது தள்ளி விழுந்தது. மூன்றாவது விழுந்த சத்தமே கேட்கவில்லை. பூச்சி தானாகப் பறந்து வந்து தண்ணீரில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

தண்ணீர் வீங்கியது.

"எடுத்துட்டு!" என்று கஸ்பார் அலறினார். "எடுத்துட்டு, தாயி! எடுத்துட்டு!"

ரீல் கிறீச்சிட்டது. மீன் அருவியைப் பார்த்து ஓடியது.

"விடுங்க! ஓடட்டும்!"

"மரத்துக்குள்ள போவுதே!"

"கம்பைச் சாய்ங்க! அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!"

கஸ்பார் கம்பைச் சாய்த்தார், வழுக்கினார், ஒரு காலில் நின்றார். மரத்துக்கு ஒரு முழம் முன்னால் மீன் திரும்பியது. குதித்தது. வெயிலில் அதன் விலாவில் சிவப்புக் கோடு பளீரென்றது.

"மாதாவே!" என்றார் கஸ்பார்.

கிரிஜா மாவுக்கட்டை மறந்துவிட்டாள். மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். மாவுக்கட்டு ஊறிக் கரைந்து அவளைச் சுற்றி வெள்ளையாக ஓடியது.

மீன் பக்கத்தில் வந்தது. வலையைப் பார்த்தது. ஓடியது. வந்தது. ஓடியது. கஸ்பார் அதோடு பேசிக்கொண்டே இருந்தார். "வா என் ராசாத்தி. போணுமா? போ. போய்ட்டு வா. ஒண்ணும் செய்ய மாட்டோம். வா." வலப்பக்கம் அது ஓடினால் அவரும் வலப்பக்கம் திரும்பினார். அது திகைத்து நின்றால் அவரும் நின்றார்.

ஆறாவது தடவை அது பக்கவாட்டில் சாய்ந்தது. கிரிஜா வலையை அடியில் கொடுத்துத் தூக்கினாள்.

கஸ்பார் குனிந்து மீனின் வாயிலிருந்து கொக்கியை உருவினார்.

பிறகு கேட்டார்.

"தாயி, முடிச்சு வளையத்துக்குள்ள எப்பப் போச்சு?"

"தெரியல, அண்ணாச்சி. நான் பாக்கலை."

"நானும் பாக்கல," என்றார் கஸ்பார்.

*

தண்ணீர் நிரப்பிய டிரம்மை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடினார்கள்.

பண்ணையின் உள்ளறையில் ஒரு உலர்ந்த தட்டு தயாராக இருந்தது. கிரிஜாவால் ஒரு கையால் மீனைப் பிடிக்க முடியாது. கஸ்பார் கையை நனைத்துக்கொண்டு பிடித்தார். நாற்பது வருஷத்தில் அவர் எத்தனையோ மீனைப் பிடித்திருக்கிறார். ஒரு மீனுக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பிடித்தது இன்றைக்குத்தான்.

கிரிஜா கட்டை விரலால் வயிற்றை மெல்ல நீவினாள். ஆரஞ்சு நிற முட்டைகள் தட்டில் கொட்டின. பட்டாணி அளவு. ஆயிரம், இரண்டாயிரம். உள்ளே விளக்கேற்றி வைத்ததுபோல ஒவ்வொன்றும் மின்னியது.

ஒன்றுகூடச் சிந்தாதபடி கஸ்பார் மீனைத் தட்டின் மேல் சாய்த்துப் பிடித்தார்.

ஆண் மீனையும் நீவி, அதன் விந்தை முட்டையோடு கோழி இறகால் கலந்தார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். தாய் மீனை மறுபடி ஆற்றில் கொண்டுபோய் விட்டது கஸ்பார்தான். அவர் கையில் அது கொஞ்ச நேரம் செவுளை அசைத்தபடி நின்றது. பிறகு இல்லை.

அவர் திரும்பி வந்தபோது கிரிஜா சொன்னாள், "தட்டைத் தொட்டிக்குள்ள இறக்கணும். குலுங்கக் கூடாது, வெளிச்சமும் படக் கூடாது. ஒரு கையால என்னால ஆகாது."

"நான் இறக்குதேன்."

அவர் தட்டை இரண்டு கையாலும் ஏந்தினார்.

அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. செய்தி அதற்குள் கீழே போய்விட்டிருந்தது. மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் கேமராக்காரரோடு உள்ளே வந்தார். அறைக் கதவை விரியத் திறந்தார். வெயில் உள்ளே பாய்ந்தது.

"யாரும்மா அந்தப் பெரிய மீன்காரர்? தூத்துக்குடியிலிருந்து வந்தவராமே! எங்கே அவர்? பேப்பருக்கு ஒரு படம் எடுக்கணும்."

கிரிஜா திரும்பிக் கஸ்பாரைப் பார்த்தாள்.

ஈர மப்ளரும் சேறு படிந்த கால்களுமாக நின்ற அவரைப் பண்ணை வேலையாள் என்று அதிகாரி நினைத்துவிட்டார். அவரைத் தாண்டி அறையின் மூலையில் தேடினார்.

கஸ்பார் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தோளைத் திருப்பி, வெயில் முட்டையின் மேல் விழாமல் மறைத்துக்கொண்டார்.

"சார்," என்றார் மெதுவாக. "கதவைக் கொஞ்சம் சாத்துங்க. வெளிச்சம் ஆகாது."